எட்டாவது கட்டம்

ஜூன் 4
தலைமை அலுவலகம், ஆறாம் மாடி

அன்புள்ள கறாருக்கு,

உன் கிளைக்குப் போகும் தபால் பையில் இந்த உறையை நானே கீழே இறங்கிப் போய்ப் போடப்போகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ என்னைச் சிரிக்க வைப்பாய், நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். மின்னஞ்சலை யார் யார் படிக்கிறார்கள் என்பது உனக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக நமக்குப் பைதான் ராசி.

வங்கி ஒரு திட்டம் கொண்டுவருகிறது. பெண் அதிகாரிகள் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, கடன் பிரிவிலும் முதலீட்டுப் பிரிவிலும் பெரிய நாற்காலிகளில் உட்காரவைப்பது. இன்றைக்கு இந்த மாடியில் பெண்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் இரண்டு விரல் மிச்சம். அதை நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பொது மேலாளர் கூப்பிட்டு, "நீங்கதாம்மா நடத்தணும். ஆம்பளை நடத்தினா சிரிப்பாங்க. அதுவும் நீங்களே ஒரு உதாரணம் இல்லையா?" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேற்று தகுதியுள்ளவர்களின் பட்டியல் வந்தது. நாற்பத்தொரு பேர். பதினேழாவது உன் பெயர். அதன்மேல் சிவப்பில் ஒரு கோடு. பக்கத்தில், "இடமாற்றம் மறுத்தவர்."

விதி உனக்குத் தெரிந்ததுதான். இடமாற்றம் வேண்டாம் என்று ஒருவர் எழுத்தில் சொல்லிவிட்டால் ஐந்து வருஷத்துக்கு அவரைப் பதவி உயர்வுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போது நாலு வருஷம்தான் ஆகியிருக்கிறது. ஆனால் வயது வரம்பு நாற்பத்தெட்டு, ஜூலை கடைசித் தேதிக் கணக்கில். உனக்குச் செப்டம்பரில் நாற்பத்தெட்டு முடிகிறது. அடுத்த வருஷம் இந்தப் பட்டியலிலேயே உன் பெயர் வராது. இதுதான் கடைசி.

ஏதோ ஒரு பழைய படிவத்தில் அப்படி ஒரு குறிப்பு இருக்கிறதாம். நீ மறுக்கவில்லை, பிழையாகப் பதிவாகிவிட்டது என்று இரண்டு வரியில் ஒரு முறையீடு எழுதி அனுப்பு. காரணமெல்லாம் விவரிக்க வேண்டாம். ஜூலை பத்துக்குள் என் மேஜைக்கு வந்தால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மகள் விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

உன்
மழுப்பி


ஜூன் 8
கிளை

மழுப்பிக்கு,

சும்மா வைக்கவில்லை உனக்கு இந்தப் பேரை. இவ்வளவு எழுதிவிட்டு, "ஏதோ ஒரு குறிப்பு இருக்கிறதாம்" என்கிறாய். ஆறாம் மாடியில் உட்கார்ந்திருப்பவள், கோப்பை எடுத்துப் பார்க்க உனக்கு என்ன கேடு? யார் எழுதிய குறிப்பு? எந்தத் தேதி? இப்படி ஒரு கடன் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தால் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

இங்கே நேற்று ஒரு பெரியவர். மரக்கடை வைத்திருப்பவர். படிவம் பதினாறு பக்கம், எதையும் பார்க்காமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார். "நீங்களே நிரப்பிக்கங்கம்மா, உங்களை நம்பாம யாரை நம்பறது?" என்கிறார். "ஐயா, நம்பிக்கைக்கு வேற இடம் இருக்கு, இது பேங்க்" என்று கிழித்துப் போட்டுவிட்டு வேறு படிவம் கொடுத்தேன். கோபித்துக்கொண்டு போய்விட்டு இன்று காலை கண்ணாடியோடு வந்து பதினாறு பக்கத்தையும் படித்தார். மூன்று இடத்தில் சண்டை போட்டார். அப்போதுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கையே வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் மறுக்கவே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடன் பிரிவுத் தலைமைக்கு நம் இரண்டு பேர் பெயரும் போனது, உனக்குக் கிடைத்தது, எனக்கு "தேர்வாகவில்லை" என்று ஒற்றை வரி வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உனக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அதை இப்போதும் சொல்கிறேன். ஆனால் எனக்கு ஏன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது புரிந்துவிட்டது. நம் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் அந்த வார்த்தை இருக்க வழியே இல்லை, ஏனென்றால் அதை எழுதியவள் நீ. பயிற்சிக் கல்லூரி ஞாபகம் இருக்கிறதா? உன் சாதனைகளை நீயே நாலு பக்கம் எழுது என்றதும் நம் இரண்டு பேருக்கும் நாக்கு கூசியது. பையன்கள் பத்து நிமிஷத்தில் எழுதித் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். நாம்தான் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் உன்னுடையதை நான் எழுதினேன், என்னுடையதை நீ எழுதினாய். அன்றிலிருந்து உனக்கு அந்தப் பதவி கிடைத்த வருஷம் வரைக்கும் அப்படித்தான். ஆகவே அது நம் படிவத்தில் இல்லை. மண்டல மேலாளரின் ரகசிய அறிக்கையில்தான் இருக்கவேண்டும்.

அவருடைய காதில் போட்டது யார்? என் வீட்டுக்காரர்தான். சர்வேயராச்சே, நிலத்தை அளப்பது போதாதென்று அவரோடு தினமும் காலையில் பூங்காவைச் சுற்றிச் சுற்றி அளந்துகொண்டிருந்தார். மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்த வருஷம். நான் வெளியூர் போனால் யார் பார்ப்பது? நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று வீட்டுக்காரரிடம் அப்போதே கேட்டேன். "உன் வேலையைப் பத்தி நான் எதுக்கு அவர்கிட்டப் பேசறேன்?" என்றார். பாதி நம்பினேன். மீதிப் பாதியை நாலு வருஷமாக வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறேன்.

முறையீடு எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்தக் குறிப்பின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். அவர் முன்னால் வைத்து, இப்போது சொல்லுங்கள் என்று கேட்கவேண்டும். அதைப் பையில் அனுப்பு.

கறார்


ஜூன் 12
தலைமை அலுவலகம்

அன்புள்ள கறாருக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் காரணம் முதலில் வந்து, விஷயம் கடைசியில் வந்தது. அதனால் விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மண்டல மேலாளர் எதுவும் எழுதவில்லை. குறிப்பு உன் சுயமதிப்பீட்டுப் படிவத்தில்தான் இருக்கிறது, எட்டாவது கட்டத்தில். "எங்கு மாற்றினாலும் செல்லச் சம்மதமா?" என்ற கேள்விக்கு நேரே, "குடும்பச் சூழ்நிலையால் இயலாது" என்று என் கையெழுத்தில், என் நீல மையில். கீழே உன் கையொப்பம், நீ எப்போதும்போல முன்கூட்டியே போட்டு அனுப்பியது. நகல் இந்த உறையிலேயே இருக்கிறது.

அந்த வாரம் லிஃப்டில் அப்போதைய துணைப் பொது மேலாளரோடு இறங்கினேன். "இந்தத் தடவை கடன் பிரிவுக்கு ஒரு லேடியைப் போட்டுடலாம்னு மேல பேச்சு இருக்கு" என்றார். வாழ்த்துச் சொல்கிற மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறு மாடி இறங்குவதற்குள் "ஒரு" என்ற அந்த வார்த்தை மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள். மேஜையில் இரண்டு படிவம். ஒன்று நீ எனக்காக நிரப்பி அனுப்பியது. "என்னிடம் ஒரு கோப்பைக் கொடுத்தால் அதில் எழுதாமல் விட்டதையும் படித்துவிடுவேன்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு உன்னுடையதை நிரப்ப உட்கார்ந்தேன். ஏழு கட்டம் வரைக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை, அதை மட்டும் நம்பு. குளிர்பதனக் கிடங்குக்குக் கடன் கேட்டவரின் கிடங்குக்குள் போய் ஐந்து நிமிஷம் நின்று, "எனக்கு ஏன் குளிரவே இல்லை?" என்று நீ கேட்ட கதையைக்கூட எழுதினேன். பெருமையாகத்தான் எழுதினேன். அப்புறம் எட்டாவது கட்டம் வந்தது.

முதல் நாள் நீ போனில் அழுதிருந்தாய். மாமியாருக்குப் படுக்கைப் புண், மகளுக்குப் பரீட்சை. "எங்கயும் அசைய முடியலடி, என்னைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு" என்றாய். அது ஒரு மனுஷியின் புலம்பல், கேள்விக்குச் சொன்ன பதில் இல்லை. எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். தெரிந்துதான் பேனாவை வைத்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன், பாவம், இப்போது மாற்றல் வந்தால் உடைந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டேன். கை நடுங்கியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நடுங்கவில்லை. எழுத்து அழகாகவே விழுந்திருக்கிறது, நகலில் பார்.

நேர்காணலில் உன் வரியைத்தான் சத்தமாக வாசித்தார்கள். "எழுதாமல் விட்டதையும் படித்துவிடுவாராமே, சுயமதிப்பீட்டில் இப்படி எழுத ஒரு தைரியம் வேணும்" என்று ஒருவர் பாராட்டினார். நான் தலை குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த முப்பது பெண்களுக்கு வகுப்பு எடுத்தேன். "நம்மளை யாரும் தடுக்கல. நாமதான் கை தூக்க மாட்டேங்கறோம்" என்றேன். முன் வரிசையில் ஒரு பெண் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தில் ஏன் மழுப்பினேன் தெரியுமா? நீ முறையீடு எழுதுவாய், அது என்னிடமே வரும், நான் சத்தமில்லாமல் ஒப்புதல் போடுவேன், கோடு போய்விடும். நீ எனக்கு நன்றி சொல்லியிருப்பாய். அந்த நன்றியை வாங்கிக்கொள்ளவும் நான் தயாராக இருந்தேன். உன் வீட்டுக்காரரைப் பற்றி நீ எழுதியிருக்காவிட்டால் இந்தக் கடிதம் வந்திருக்காது. நாலு வருஷமாக இன்னொரு மனுஷர் என் இடத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடச் சரியில்லை, உன் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. கேட்க பயம்.

மன்னிப்பு என்று எழுதினால் நீ மன்னிக்கவேண்டிய கட்டாயம் வந்துவிடும். அதனால் எழுதவில்லை.


ஜூன் 18

படித்தேன். இரண்டு தடவை.

21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் மகளைப் பார்க்க விடுதிக்குப் போகிறேன். அவர் வீட்டில் இருப்பார். நேரில் வந்து அவரிடம் நீயே சொல். நான் சொன்னால் பழகின தோஷத்தில் உனக்காகவும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் அலுவலகத்தில் எழுதிக் கொடு.

கறார் என்று இனிமேல் கூப்பிடாதே.


ஜூன் 23

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஆரம்பிக்கிறேன்.

போனேன். நாலு மணி நேரம் பஸ். உன் வீட்டுக்காரர் கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, அவ இல்லியே, பொண்ணைப் பாக்கப் போயிருக்கா" என்றார். "உங்களைப் பாக்கத்தான் வந்தேன் அண்ணா" என்றேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

உட்காராமலே சொல்லிவிட்டேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் சட்டையின் காலரை நீவிவிட்டு, "அப்ப நான் இல்ல" என்றார். யாரோ பரீட்சை முடிவு சொன்ன மாதிரி.

"நாலு வருஷமா நான் எது வாங்கிட்டு வந்தாலும், 'என்ன, லஞ்சமா?'ன்னு கேப்பா. சிரிச்சுக்கிட்டேதான் கேப்பா. நானும் சிரிப்பேன். பழகிப்போச்சு. சில நாள் எனக்கே சந்தேகம் வந்துரும், பூங்காவுல நடக்கறப்ப வாய் தவறி எதாவது சொல்லித் தொலைச்சேனோன்னு."

இஸ்திரிக்குக் காத்திருந்த சட்டை ஒன்று கீழே விழுந்திருந்தது, எடுத்து நாற்காலியில் போட்டேன்.

"அது போகட்டும். எங்கம்மா போற வரைக்கும் அவ கையைப் புடிச்சுக்கிட்டு, 'என்னாலதானே உன் பதவி போச்சு'ன்னு அழுதாங்க. அதுக்கு யாரை அனுப்பறது?"

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்தார். வேண்டாம் அண்ணா என்றதற்கு, "வெளியூர்லேருந்து வந்திருக்கீங்க" என்றார். பஸ் வரும் வரைக்கும் நின்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று நினைத்தபடி நாலு மணி நேரம் திரும்பி வந்தேன்.

நேற்று பொது மேலாளரிடம் போனேன். கடிதத்தைக் கவரில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டே வாயால் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். "என்னம்மா, ஹாஸ்டல் பொண்ணுங்க சண்டையா?" அப்புறம் சிரிக்கவில்லை. "தொடக்க விழாவுக்குப் பேனர் அடிச்சாச்சு, உங்க போட்டோவோட. இப்ப வந்து பொம்பளைக்குப் பொம்பளையே குழி பறிச்சான்னு சொல்ல வைக்கப்போறீங்களா? வெளியில தெரிஞ்சா திட்டமே போச்சு." அவர் ஒரு வழி சொன்னார். உன் பெயரைக் கருணை அடிப்படையில் சிறப்பு நேர்வாகச் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் எதையும் தோண்ட வேண்டாம். "ரெண்டு பேருக்கும் நல்லது. நீங்க எழுதிக் குடுத்தா அவங்களுக்கும் விளக்கம் கேட்டு ஓலை போகும், தெரியுமில்ல? வெத்துப் படிவத்துல கையெழுத்துப் போட்டது யாரு?"

கவரைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது. உனக்காகத்தான் கொடுக்கவில்லை என்று எழுத நினைத்தேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. என் போட்டோவும் ஞாபகத்துக்கு வந்தது, அது உண்மை.

நீ சொல். சொன்னபடி செய்கிறேன்.


ஜூன் 27
கிளை

கருணையா?

என் கையால் போன கடன்களில் திரும்பாமல் போனவை மூன்று. மூன்றும் எனக்குப் பெயரோடு, முகத்தோடு ஞாபகம் இருக்கிறது. இந்தக் கிளைக்கு நான் வந்தபோது இங்கே ஓட்டை இல்லாத கோப்பு ஒன்றும் இல்லை. என்னைக் கருணை அடிப்படையில் உள்ளே விடுவதாக இருந்தால் அந்தப் பொது மேலாளரையும் உன்னையும் சேர்த்து எந்த அடிப்படையில் விட்டார்கள் என்று கேட்டுச் சொல்.

நீ செய்தது உனக்கு இன்னும் புரியவில்லை. எனக்கு நல்லது என்று சொல்லி என்னைக் கேட்காமல் நீயே எழுதினாய். இப்போது எனக்கு நல்லது என்று சொல்லி என்னைக் கேட்காமல் நீயே கவரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டு, பிறகு "நீ சொல்" என்கிறாய். அதே எட்டாவது கட்டம்தான். இது இரண்டாவது தடவை.

அந்த வருஷம் என்னைக் கேட்டிருந்தால் போவேன் என்று சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. பத்து நாளாக யோசிக்கிறேன், தெரியவே இல்லை. மாமியாரை விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டேன் என்றுதான் பாதி நேரம் தோன்றுகிறது. அப்படி நானே "இயலாது" என்று எழுதியிருந்தால் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன், அது என்னுடைய முடிவு. அந்த அம்மாவிடமும் "நானாதான் வேண்டாம்னேன் அத்தை" என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட நீ மிச்சம் வைக்கவில்லை.

இன்னொன்று. "அந்த போஸ்ட் எனக்கு வேணும்டி" என்று நீ சொல்லியிருக்கலாம். போட்டி போட்டிருப்போம். ஒருத்தி ஜெயித்து, தோற்றவளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்திருப்பாள். லிஃப்டில் அந்த ஆள் "ஒரு லேடி" என்றபோது, "ஏன் சார், ஒண்ணுதானா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது உனக்குத் தோன்றவில்லை. என்னை எப்படி வெளியே தள்ளுவது என்பதுதான் தோன்றியிருக்கிறது. நான் அந்த லிஃப்டில் இருந்திருந்தால் எனக்கு எது தோன்றியிருக்கும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அந்தக் கேள்வியும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் லிஃப்டில் இல்லை. நீதான் இருந்தாய்.

எனக்கு ஓலை வரும் என்றாரா? வரட்டும். மரக்கடைப் பெரியவரை அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் திட்டினேன். அவர் ஒரு நாள் செய்ததை நான் பதினெட்டு வருஷம் செய்திருக்கிறேன். கடன் அதிகாரி நான், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுப் பையில் அனுப்பியிருக்கிறேன். இப்போது அவர் கவுண்டருக்கு வந்தால் நான் உள்ளறைக்குப் போய்விடுகிறேன். என் வெட்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கும் நீ குடை பிடிக்க வேண்டாம். படிவம் வெற்றாக வந்தது என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடு.

வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றார். அந்தச் "சரி" என்ன சரி என்று நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் என் முறையீட்டை இன்று தனியாகப் பொது மேலாளர் பெயருக்கே அனுப்பிவிட்டேன். உன் மேஜைக்கு இல்லை.


ஜூலை 7

29ஆம் தேதி உன் கடிதம் பையில் வந்தது. 30 காலையில் கவரைக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம்தான். படிவம் வெற்றாக வந்தது, நிரப்பியது நான், எட்டாவது கட்டத்தின் பதில் உன்னுடையது அல்ல, உன்னிடம் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக இரண்டு பேரும் மாற்றி மாற்றி எழுதியதையும் சேர்த்தேன். பொது மேலாளர் படித்துவிட்டு, "காரணம்னு ஒண்ணும் இல்லையே?" என்றார். அங்கேயே நின்று, "அந்தப் பதவி எனக்கு வேண்டும் என்று நினைத்தேன்" என்று கீழே எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

திட்டத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பேனரை மறுபடி அடிக்கிறார்கள், இந்தத் தடவை யார் போட்டோவும் இல்லை. விசாரணை முடிந்தது. நான் எதையும் மறுக்கவில்லை, அதனால் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஒரு படி கீழே இறக்கி, ஒரு கிளைக்குக் கடன் பிரிவு இரண்டாம் நிலை அதிகாரியாகப் போடுகிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் போகிறேன்.

பெண்கள் சாப்பிடும் மேஜையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து யாராவது வெயிலைப் பற்றி ஆரம்பிக்கிறார்கள். நோட்டில் அடிக்கோடு போட்ட அந்தப் பெண் மட்டும் என் அறைக்கு வந்தாள். "மேடம், அன்னிக்கு யாரும் தடுக்கலன்னு சொன்னீங்களே?" என்றாள். "பொய் சொன்னேம்மா" என்றேன். "சரி மேடம்" என்று போய்விட்டாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

உனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். அது பட்டியலைத் தடுக்காது, கேட்டுவிட்டேன். பட்டியலைப் புதிதாக அச்சிட்டுவிட்டார்கள். கோடு இல்லை. நேர்காணல் 27ஆம் தேதி. அன்று நான் இந்த மாடியில் இருக்க மாட்டேன், விடுப்புப் போட்டிருக்கிறேன். உனக்கு என் முகத்தைத் தாண்டி உள்ளே போகவேண்டிய அவஸ்தை வேண்டாம்.


ஆகஸ்ட் 19
தலைமை அலுவலகம், ஆறாம் மாடி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கிக்கொண்டேன். நேர்காணலுக்கு முன்னால் சுயமதிப்பீட்டை நானே எழுதினேன். முழு ஞாயிற்றுக்கிழமை. நாலு பக்கத்துக்கு ஒன்றரைப் பக்கம்தான் வந்தது, அதிலும் பாதியை அடித்தேன். அடித்ததை மறுபடி எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கிடங்கு கதையைப் போடலியா?" என்றார். அவருக்கு அந்தக் கதை தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

உள்ளே ஐந்து பேர். அந்தக் கேள்வி வந்தது. "எங்க போட்டாலும் போவீங்களா?" "போவேன்" என்றேன். "இதே கேள்வியை எனக்கு முன்னாடி இந்தப் பதவிக்கு வந்த ஆண்கள்கிட்டயும் கேட்டீங்களா சார்?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எதையோ குறித்துக்கொண்டார். எனக்கு ஆதரவாகவா எதிராகவா என்று தெரியாமல் பத்து நாள் தூங்கவில்லை.

ஒன்பதாவதாகத் தேர்வாகியிருக்கிறேன். போட்டது கடன் பிரிவில், நீ இருந்த நாற்காலியிலேயே; ஆறு மாதப் பயிற்சியும் அதில் உட்கார்ந்தபடியேதான். திங்கட்கிழமை சேர்ந்தேன். வீட்டுக்காரர் இரண்டு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ரயிலேற்றிவிட வந்தபோது தின்பண்டம் ஒரு பொட்டலம் கொடுத்தார். பழக்கத்தில் "என்ன, லஞ்சமா?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

உன்னிடம் எனக்குக் கோபம் குறையவில்லை. குறையும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். நேர்காணல் முடிந்து படியிறங்கியபோது, இதை உடனே யாரிடமாவது சொல்லவேண்டும் என்று கை போனை எடுத்தது. உன் எண்ணைப் போட்டுவிட்டு, அழைப்புப் போவதற்குள் அணைத்தேன். அப்போதுதான் உன்மேல் அதிகமாகக் கோபம் வந்தது.

இதற்குப் பதில் எழுதாதே. தோன்றினால் நான் எழுதுகிறேன்.

நேற்று அந்த நோட்டுப் பெண் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"மேடம், முன்னாடி இருந்த மேடத்தை உங்களுக்கு நல்லாத் தெரியுமாமே?"

"தெரியும்."

"எப்படி மேடம் அவங்க?"

வருஷத்துக்கு நாலு பக்கம் வீதம் பதினெட்டு வருஷம் உன்னைப் பற்றி எழுதியவள் நான். கோப்பைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"வேலை தெரிஞ்சவங்க" என்றேன்.

அவள் இன்னும் எதையோ எதிர்பார்த்து நின்றாள். அடுத்த கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன்.